கேட்காமல் வெட்டிய குருத்து

மார்ச் 24, செவ்வாய்

காலையில் ஆறு டிகிரி, தூறல். கடையில் பதினெட்டுப் பெட்டி மரவள்ளி இறக்கியதில் இடுப்பு பிடித்துவிட்டது. மூன்று மணிக்கு ரூ காய் தெருவில் வேலை முடித்து நேரே சங்கத் தோட்டத்தில் என் மூலைக்கு.

சீனப் பனைக்குச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியைக் கழற்றினேன். இந்தக் குளிர்காலம் மைனஸ் ஏழு வரை போனது. இலை நுனியில் கொஞ்சம் கருகல், அவ்வளவுதான். விசிறி இலை பதினேழு. நடுக்குருத்து இரண்டு, இன்னும் விரியவில்லை, இரண்டும் நல்ல விறைப்பு. தண்டு என் நெஞ்சளவு. எட்டு வருடத்துக்கு முன் வாங்கியபோது செருப்புப் பெட்டிக்குள் வைத்து மெட்ரோவில் கொண்டுவந்தேன்.

குருத்துக்கு நீல மருந்து அடித்தேன், செப்பு கலந்தது. துணி எடுத்ததும் வருடா வருடம் அடிப்பது. குளிர் இந்த மரத்தைக் கொல்லாது. குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகும், அதுதான் கொல்லும்.

வேலிக்கு வெளியே நாயோடு ஒரு பிரெஞ்சுக்காரர். "உங்கள் நாட்டு ஞாபகமா மிஸ்யூ?" இந்த வருடம் ஆறாவது ஆள். இது சீனத்து மலைகளில் வளரும் மரம். நான் யாழ்ப்பாண டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவன், ஊரில் ஒரு கீரைப்பாத்திகூடப் போட்டதில்லை. பனி கொட்டும்போது பச்சையாக நிற்கிறதே, அந்தத் திமிர் பிடிக்கும், அதற்காக வளர்க்கிறேன். தமிழன் பனை நட்டால் அழுதுகொண்டுதான் நட வேண்டுமா?

வாங்க: சணல் கயிறு, பல்ப் (சமையலறை), ஜெசிந்தாவின் முழங்கால் தைலம்.

மார்ச் 26, வியாழன்

மழை. தோட்டம் போகவில்லை.

அந்தோனி அண்ணை மூன்று தரம் போன். எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் பூ, சோடனை, பவனி எல்லாம் அவர் பொறுப்பு. சார்செல் புறநகரில் இருந்துகொண்டு லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெரு முழுவதையும் ஆட்டுகிற மனிதர். ஜெசிந்தா போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதைத்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, ஞாயித்துக்கிழமை அலுவல்" என்றாள். அவளுக்குச் செபக்கூட்டம் என்றால் கட்டின புருஷன் நானும் வேற்று நாட்டுக்காரன்.

பல்ப் வாங்கினேன், அளவு பிழை.

மார்ச் 28, சனி

எழுதினால் கோபம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தோட்டம் போனேன். குருத்து இல்லை. இரண்டும் இல்லை. அடியோடு, கத்தியால், ஒரே இழுப்பில் வெட்டிய வெட்டு. விரியத் தொடங்கிய இளம் இலை ஒன்றும் போயிற்று. நடுவில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் மட்டும். நேற்றிரவு முழுவதும் மழை. வெட்டிய இடத்தில் தண்ணீர் கிண்ணம் போல் நிற்கிறது. கைலேஞ்சியால் ஒற்றி எடுத்தேன். எட்டு வருடம்!

கம்போஸ்ட் பெட்டிப் பக்கம் ஒதீல் நின்றாள், தோட்டச் சங்கத் தலைவி. ஜனவரிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள்தான்: இந்த மரம் இந்த மண்ணுக்குரியது அல்ல, தேனீக்குப் பிரயோசனம் இல்லை, அந்த மூலையை வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்று. எனக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும்? நேரே போனேன். "செ வூ!" என்று கத்தினேன். நீங்கள்தான், நீங்கள்தான் என்று இரண்டு தரம். உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, "அடுத்தவர் செடியை நான் வெட்டுவதில்லை, மிஸ்யூ" என்றாள். அதற்கு நான் பிரெஞ்சில் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். முப்பது வருடத்தில் என் பிரெஞ்சு இவ்வளவு சரளமாக வந்ததே இல்லை.

வீட்டில் சொன்னேன். ஜெசிந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. "அடக் கடவுளே" என்றாள், மெதுவாக.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

பூசைக்குப் போனோம். குருத்து ஞாயிறு என்றால் ஊரில் ஓலைக் குருத்து தருவார்கள்; இங்கே கையில் தருவது புய் என்ற செடியின் கொப்பு. சின்னச் சின்ன இலை, மருதோன்றி மாதிரி. வந்த நாளிலிருந்து அதைத்தான் ஆட்டிக்கொண்டு பவனி போகிறோம். இன்று வாசலில் அந்தோனி அண்ணை வெள்ளை வேட்டியோடு, கையில் தட்டு. தட்டில் பின்னிய ஓலைச் சிலுவைகள். "இந்த முறை உண்மையான குருத்தோலை!" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். சனம் கொண்டாடியது. ஒரு அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கும் ஒன்று தந்தார். வெளிர் பச்சை, விறைப்பான மடிப்பு. மடிப்பின் உள்ளே நீலக் கறை. செவ்வாய்க்கிழமை என் கையால் அடித்த நீல மருந்து.

என் மரத்தை என் கையிலேயே தருகிறார், சிரித்துக்கொண்டு!

திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடினாள். பிறகு ஓசன்னாப் பாட்டு. எல்லோரும் சிலுவையைத் தூக்கிப் பிடித்தார்கள், ஐம்பது அறுபது இருக்கும். என் இரண்டு குருத்தையும் கீறிக் கீறி இத்தனை பேருக்குப் பங்கிட்டிருக்கிறார். நான் தூக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 30, திங்கள்

நேற்று எழுத முடியாமல் நிறுத்தினேன். மிச்சம் இது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். தோட்டச் சாவி கொடுத்தது அவள்தான். வெள்ளி பின்னேரம் நான் கடையில் நிற்க, அ.அ. வந்து வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். (இனி அ.அ.தான். முழுப்பெயர் எழுதக் கை கூசுகிறது.)

"என்னை ஒரு சொல் கேட்டியா?"

"கேட்டால் ஓம் எண்டுவியளோ?"

"மாட்டன்!"

"அதுதான் கேக்கேல்லை."

சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன். அவளே வந்து எதிரே இருந்தாள். "இஞ்சேரப்பா, இலை ரெண்டு மூண்டு எடுப்பார் எண்டுதான் நினைச்சனான். நடுவில வெட்டுவார் எண்டு தெரியாது. எட்டு வருசமா ஒரு மரத்தைக் குழந்தை மாதிரி வளத்தியள். எங்கட ஆக்கள் ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. விசர் எண்டு சிரிச்சவை. ஒருநாள் எல்லாற்ற கையிலயும் இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டன்."

சனிக்கிழமை நான் ஒதீலைத் திட்டிவிட்டு வந்து சொன்னபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதையும் கேட்டேன். "பயந்திட்டன்" என்றாள்.

அ.அ.வுக்குப் போன் எடுத்தேன். மனிதருக்கு ஒரு சொட்டு வெட்கம் இல்லை.

"தம்பி, ஊரில வருசா வருசம் குருத்து வெட்டினனாங்கள். ஒரு மரம் செத்ததோ?"

"அண்ணை, அது அங்கத்தை வெய்யிலுக்குக் காயும். இஞ்சை மார்ச்சில மழை. வெட்டின இடம் காயாது, அழுகும்."

"மரம் எண்டால் மரம்தானே. அதுவும் கோயிலுக்குப் போனது, ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

ஆண்டவருக்கு இந்தத் தோட்டத்தில் தண்ணீர் முறை இருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. வயதுக்கு மரியாதை, போனை வைத்துவிட்டேன். ஊரில் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே கொண்டுவந்து கத்தியோடு இறங்குவது. பிழை என்று சொன்னால் ஆண்டவர். எங்கள் ஆட்களின் நோயே இதுதான்.

ஏப்ரல் 1, புதன்

மழை நிற்கவில்லை. பார்மசியில் புண் கழுவும் நுரைத் தண்ணீர் இரண்டு போத்தல். "பெரிய காயமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பெரிய காயம்தான் என்றேன். கட்டைகளின் நடுவில் ஊற்றினேன், நுரைத்தது. நுரைத்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு நீல மருந்து. மேலே என் கறுப்புக் குடையை விரித்து மூங்கில் கம்பில் கட்டினேன்.

ஒதீலிடம் போனேன். வழியில் நாலு தரம் திரும்பிவிடப் பார்த்தேன். வெட்டியது என் ஆட்கள், என் வீட்டில் இருந்த தோட்டச் சாவியால், மன்னியுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. "நீங்கள் என்னைத் திட்டியது எல்லோர் முன்னாலும். மன்னிப்பும் அப்படியே இருக்கட்டும். பதினோராம் திகதி கூட்டம்." சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

குடை காற்றில் பறந்து முள்ளங்கிப் பாத்தியில் கிடந்தது. நடுவில் மறுபடியும் தண்ணீர்.

முதல் கட்டையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். உயிர் இருந்தால் அசையாது. சுகமாக வந்தது, வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல். அடி முழுவதும் மண்ணிறக் கூழ். செத்த எலி நாற்றம். இரண்டாவது கட்டையைத் தொடவில்லை. மனம் வரவில்லை.

மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. நான் போகவில்லை. தோட்டத்து வாங்கில் உட்கார்ந்து கார் து நோர் நிலையத்துப் பக்கம் போகும் ரெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஊர் ஞாபகம் என்றிருப்பார்கள்.

ஏப்ரல் 5, பாஸ்கு ஞாயிறு

தடிமன், இருமல் என்று சொல்லிப் படுத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஜெசிந்தா தனியாகப் பூசைக்குப் போய் வந்து கோழிக்கறி வைத்தாள். உப்புக் கூடிவிட்டது. நாங்கள் இப்போது உப்பு, பல்ப், கரண்ட் பில் தவிர வேறு கதைப்பதில்லை.

ஏப்ரல் 11, சனி

கூட்டம். பதினொரு பேர். எழுதிக்கொண்டு போன தாளை வாசித்தேன். "நான் மதாம் ஒதீல்மேல் பொய்க் குற்றம் சாட்டினேன்." கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டுகிறார்கள்? நான் என்ன பாட்டா பாடினேன்?

ஒதீல் நன்றி சொன்னாள். மூச்சு விடாமல் அடுத்த விஷயம்: புதிய கம்போஸ்ட் பெட்டி எங்கே வைப்பது. மரம் போய்விட்டதால் அந்த மூலை சரியாக இருக்கும், மிஸ்யூ சம்மதித்தால். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் மன்னிப்புக் கேட்ட வாய், எப்படி மறுக்கும்? சரி என்றேன். மே பத்துக்குள் வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றும் நானே சொன்னேன்.

என் மரம் நிற்கும் இடத்தில் பதினொரு வீட்டு வெங்காயத் தோல்.

ஏப்ரல் 23, வியாழன்

வெயில், பத்தொன்பது டிகிரி. இனி அடித்து என்ன பயன்? தோட்டம் போய் இரண்டு கிழமை.

அ.அ.வை ரூ பெர்தொனேயில் கண்டேன், கொத்துரொட்டிக் கடை வாசலில். நழுவப் பார்த்தேன், பிடித்துவிட்டார். "தம்பி, சனம் இன்னும் அந்தச் சிலுவையைப் பற்றித்தான் கதைக்குது. வாற வருசமும்..." நடுவிலேயே, "மரம் செத்துப்போச்சு அண்ணை" என்றேன். பிடித்த கையை விட்டார். முதல் தடவையாக ஆண்டவரைக் கூப்பிடவில்லை. எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. வயதான மனிதர், கையில் பார்சல் பையோடு.

மே 9, சனி

நாளை கெடு. காலையில் கைவாளும் கோணிப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். ஜெசிந்தாவிடம் மரத்தை அறுக்கப் போகிறேன் என்றேன். "சரி, அறுக்க முந்தி மேல ஒருக்காப் பாருங்கோ" என்றாள். எதற்கு என்று கேட்டேன். போர்வை மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

போய்ச் சேர்ந்ததும் அடித்தண்டில் வாளை வைத்தேன். பிறகு, சொன்னாளே என்று வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று பார்த்தேன்.

நான் தொடாமல் விட்ட இரண்டாவது கட்டை. அதில் ஒரு கோடு. சிவப்பு. நகப்பூச்சு, ஜெசிந்தா கலியாண வீடுகளுக்குப் பூசுகிற அதே சிவப்பு. பனை வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வது இது: குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே நேராகக் கோடு போட்டுவிடு, உயிர் இருந்தால் குருத்தின் கோடு மேலே ஏறும். சாப்பாட்டு மேசையில் இதை அவளுக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! காதில் விழாததுபோல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

மட்டையில் உள்ள கோடு அங்கேயே இருக்கிறது. குருத்தின் கோடு அதற்கு மேலே, மூன்று விரல். இரண்டாம் தரமும் அளந்தேன். மூன்று விரல். வெட்டிய முனைக்குக் கீழே புதிய பச்சை, கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நுனி இல்லாமல் வருகிறது. வரட்டும், மொட்டையாகவே வரட்டும்.

கவனித்தால் குருத்தைச் சுற்றிப் பழைய பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மழைக்கு மறைப்பும் கட்டியிருக்கிறாள். அலுவலகம் கூட்டித் துடைக்கிற வேலையை முடித்துவிட்டு, அந்த முழங்காலோடு, இத்தனை நாளும் இந்த வாளியில் ஏறியிருக்கிறாள்.

ஒதீலிடம் போய் மூலை தரமாட்டேன் என்றேன், மரம் உயிரோடு இருக்கிறது, வேண்டுமானால் இன்னொரு கூட்டம் வையுங்கள், இன்னொரு தாள் வாசிக்கிறேன் என்றேன். அவளும் வந்து வாளியில் ஏறிப் பார்த்தாள். பெட்டியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வைக்கலாம் என்றாள்.

நகப்பூச்சில் என்னென்ன இரசாயனம் இருக்கிறதோ, குருத்துக்கு ஆகுமோ ஆகாதோ, யாருக்குத் தெரியும்? என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்.