முட்டிப் பணமும் மாடிக் கண்ணாடியும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், உன் கோபம் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்க வேண்டும். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். உன் சித்தப்பா வாய் சும்மா இருக்குமா, அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பார். மாடி பால்கனியின் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு போட்டுவிட்டேன். என் முட்டி ஆபரேஷனுக்கு என்று பாங்கில் வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள், வேண்டாம் என்ற பிறகு செய்தால் சண்டை, கேட்காமல் செய்தால் வெறும் கோபம்தான். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கோபம் ஒன்றும் புதிதல்ல.

அவர் கைகால் விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ வீடியோவில் கூப்பிடுவதற்கு முன்னால் நான் அவருக்குத் தலை வாரிச் சட்டை மாற்றி விடுவேன், அவரும் உனக்காக ஒரு சிரிப்பு சிரிப்பார், போனை வைத்ததும் சிரிப்பும் போய்விடும். சக்கர நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளினால் எதிரே நெஞ்சு உயரத்துக்குச் சுவர். நின்றால்தான் தெரு தெரியும், உட்கார்ந்தால் சிமெண்டுதான். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் அந்தச் சுவரில் இருந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். சாப்பாடு பாதிக்கு மேல் இறங்கவில்லை, பேச்சு ம் என்பதோடு சரி. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். எனக்குத் தெரியாதா அவருக்கு என்ன குறை என்று. அந்தச் சுவர் நீ சின்ன வயதில் எட்டிக் குதித்துவிடுவாய் என்று உயர்த்திக் கட்டியது. உனக்காக உயர்த்தினோம், அவருக்காக இடித்தேன், இதில் என்ன தப்பு கண்டாய்?

கீழே வந்து இருங்கள் என்றாய். கீழ்வீட்டைத் தையல்கடைக்கு விட்டு அந்த வாடகையில்தான் மருந்து வாங்குகிறோம், அதை மறந்துவிட்டாயா? இரும்புக் கம்பி போட்டால் கால்வாசிக் காசுதானே என்று சித்தப்பா பெரிய யோசனை சொன்னார். கம்பிக்குப் பின்னால் உட்கார வைக்க உன் அப்பா யாரையும் குத்திவிட்டு வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதிலிருந்து சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியுமே என்று உன் சித்தி இழுத்தாள். என்ன தெரியப் போகிறது, நான் அவருக்குச் சோறு ஊட்டுவது தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

விலையைக் கேட்டதும் எனக்கும் நெஞ்சை அடைத்தது, பொய் சொல்லவில்லை. கண்ணாடிக்குத் தனி, அதைச் சூடுகாட்டி உறுதியாக்கத் தனி, தரையோடு பிடிக்கிற அலுமினியச் சட்டத்துக்குத் தனி, இடித்த செங்கல்லை அள்ளிக்கொண்டு போகக்கூடத் தனி. நான் இங்கே நின்று மூச்சு விடுவதற்கும் தனியா என்று கேட்டேன், கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே, "அது மட்டும் இலவசம்மா" என்றார். அவர் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார், சூடுகாட்டின பிறகு இந்தக் கண்ணாடியை ஒரு நூல்கூட வெட்ட முடியாது, வெட்டினால் பொடிப்பொடியாகிவிடும், அதனால் "அளவை நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா" என்று. நானும் யோசித்தேன். அவர் நின்று அளந்தார், நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், மேலே பிடித்துக்கொள்ள ஸ்டீல் குழாய் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று இருவரும் கையை வைத்து முடிவு செய்தோம். உட்கார்ந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் பொருத்தி முடித்து, கண்ணாடியைத் துடைத்து, அப்பாவை ஆசை ஆசையாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். பார்த்தார், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, இவ்வளவு செய்தும் இந்த மனுஷனுக்கு என்ன என்று. அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கட்டுத் தடிமனில் அந்தக் குழாய் கண்ணுக்கு நேரே தெருவை மறைத்துக்கொண்டிருந்தது. மேலே வானம், கீழே போகிறவர்களின் கால், நடுவில் பஸ்ஸும் இல்லை மனுஷரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டேன். குழாயை எடுத்தால் இந்தக் கண்ணாடி தாங்காது, குழாயே இல்லாமல் நிற்க இரண்டு பலகை ஒட்டின தடிமனான கண்ணாடி வேண்டும், மறுபடி முதலிலிருந்து செலவு, பேசாமல் விட்டுவிடுங்கள் என்று அவரே சொன்னார். முடியாது என்று இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். தப்பு உமக்கும் உண்டு என்று பேரம் பேசிப் பழைய கண்ணாடியை அவர் தலையிலேயே கட்டினேன், பொருத்துகிற கூலியையும் விடச் சொன்னேன். மிச்சத்தை நான்தான் கொடுத்தேன். முட்டிப் பணம் அதோடு தீர்ந்தது. இது சித்தப்பாவுக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே, ஊரைக் கூட்டிவிடுவார்.

இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து அளந்தோம். புதுக் கண்ணாடி வந்து நின்றதும் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினேன். நம் தெருமுனை நிறுத்தத்தில் பஸ் ஒன்று வந்து குலுங்கி நின்றது. அப்பா வாய் கோணிக்கொண்டே, ஆனால் தெளிவாக, "இவன் கியரைப் போட்டே வண்டியைக் கொன்னுடுவான்" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம், அதுவும் திட்டு. இப்போது காலையில் காபி குடித்ததும் பால்கனிக்குத்தான் போக வேண்டும் என்கிறார். தட்டில் மிச்சம் வைப்பதில்லை. போகிற வருகிற டிரைவர்கள் எல்லாருக்கும் தினமும் அர்ச்சனைதான், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் கண்ணாடியில் தூசி துடைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. நொண்டிக்கொண்டேதான் துடைக்கிறேன், அதற்காக வருத்தப்படுகிறேன் என்று மட்டும் நினைக்காதே.

நீ போனில் கடைசியாக ஒன்று கேட்டாய், அப்பா இன்னும் எத்தனை நாளைக்கு உட்கார்ந்து பார்க்கப் போகிறார் என்று. கேட்ட வேகத்தில் நீயே போனை வைத்துவிட்டாய். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். எத்தனை நாள் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. குறைவு என்றால் அதற்காகத்தான் நான் ஒரு நாளும் தள்ளிப் போடவில்லை. என் முட்டி காத்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாய். அனுப்பாதே. அந்தப் பணத்தில் டிக்கெட் எடு. குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே, மருமகளுக்கு அடுப்படி வேலையில் கூடமாட இரு, நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மறக்காதே. வரும்போது காரை வாசல் வரை கொண்டுவராதே. தெருமுனையிலேயே இறங்கிக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வா. நீ வருவதை அவர் கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
யாரையும் கேட்காமல் செய்த
உன் அம்மா