ஜன்னலோரத்து சீட்டு

அன்புள்ள அக்கா,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ உன் ஆபரேஷனை நினைத்துப் பயப்படாதே. எவரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு.

இங்கிருந்து நம் ஊருக்கு விமானத்தில் ஒன்பது மணி நேரம். லீவு தரவில்லை. அதனால் நேற்று நான் கூட்டித் துடைத்த விமானத்தை நானே கிளப்பிவிட்டேன். மேகமெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. ஒன்பதே நிமிஷத்தில் உன் மொட்டைமாடியில் இறங்கினேன். கொடியில் காய்ந்த அத்தான் லுங்கி பக்கத்து ஊருக்குப் பறந்துவிட்டது. நீ குறட்டையில் இருந்தாய், எழுப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் குளிரும், என் பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போ. நீ கண் விழித்ததும் அத்தானை போன் பண்ணச் சொல்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கதையில் ஒரு துளி மட்டும் நிஜம். துடைத்து முடித்ததும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். சூப்பர்வைசர் வந்து, “இறங்குய்யா, ஆள் ஏறணும்” என்றார். இறங்கிவிட்டேன்.

உன் தம்பி