அபிக்கு மூணு ஸ்கூல்

மே 5, திங்கள்

விடியறதுக்குள்ளயே வெக்கை. ஸ்கூல் பஸ் ஆயா டூட்டி, அஞ்சே கால் பஸ். 38 பிள்ளைங்க, ஆப்சென்ட் 2. இறக்கி விட்டு, கடைசி சீட் வரைக்கும் நடந்து பார்த்து, கையெழுத்து போட்டாச்சு. சீட்ல மிஞ்சினது ஒரு வாட்டர் பாட்டில், ஒரு ஷூ (ஒத்தை). ஒத்தை ஷூவோட எப்படி இறங்கிப் போச்சோ.

மக அபிக்கு பதினொண்ணாவது எங்கேன்னு இந்த மாசமே முடிவாகணும். படிச்ச ஸ்கூல்ல பத்து வரைக்கும்தான். பக்கத்துல மூணு இருக்கு. பேரெல்லாம் நீளம், எழுத வராது. அதனால இப்படி:

பெ - பெரிய ஸ்கூல். பளிங்குத் தரை.
ரெ - ரெண்டு ஷிப்ட். காலைல பொண்ணுங்க, மத்தியானம் பையனுங்க.
சி - சின்ன ஸ்கூல். பள்ளிவாசலுக்குப் பின்னால.

இதெல்லாம் அவர், அபி அப்பா, பார்க்கற வேலை. ஏசி ரிப்பேருக்கு ஷார்ஜால எல்லா ஸ்கூல் மாடியும் ஏறினவர். "மேல இருந்து பார்த்தா எல்லா ஸ்கூலும் ஒண்ணுதான் ராணி"ம்பார். கீழ இருந்து பார்க்க என்னை விட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டு மாசம், மூணு நாள்.

மே 6

அபி நோட்டுல கட்டம் போட்டுட்டா. லேப், ரிசல்ட், டீச்சருங்க படிப்பு, தூரம். எல்லாத்துலயும் பெ-க்கு டிக். சி-க்கு தூரத்துல மட்டும்.

"நீயும் ஒரு வரி சொல்லும்மா."

"எட்டாவதோட நின்னவ நான். என்னத்தைச் சொல்ல?"

"மூணு ஸ்கூல் பஸ் ஆயாவும் உன் ஃப்ரெண்டுதானே."

அது நெசம். மூணுக்கும் எங்க கம்பெனி பஸ்தான். பிள்ளைங்களை இறக்கிட்டு ஒரே யார்டுல நிப்போம். யோசிச்சேன். "வாந்தின்னு எழுது"ன்னேன்.

"ச்சீ!"

சும்மா சொல்லல. பரீட்சை அன்னிக்கு பயத்துல பிள்ளைங்க பஸ்ல வாந்தி எடுக்கும். அதுக்குன்னே பை வெச்சிருப்போம். ஸ்கூல் என்ன போர்டு வேணா மாட்டலாம். பை பொய் சொல்லாது.

அபி சிரிச்சா. சத்தமா. அவர் போனப்புறம் இன்னைக்குத்தான். ஆனா எழுதிக்கிட்டா.

மே 7, புதன்

இந்த வாரம் மூணு ஸ்கூல்லயும் டெஸ்ட். நல்லதாப் போச்சு. டீ குடிக்கும்போது கேட்டேன்.

ஷீபா (பெ பஸ், மலையாளி): "ஆறு பை அக்கா. ஒண்ணு என் செருப்பு மேல."
சந்திரா (சி பஸ்): ரெண்டு.
ரெ பஸ் ஆயா: "பிள்ளைங்க தூங்கிட்டே வருது, நானும் தூங்கிட்டே வர்றேன். யாருக்குத் தெரியும்?" அந்த பஸ் நாலரைக்கே கிளம்புது. அபி ரெ மேல கோடு கிழிச்சிட்டா.

அரிசி, தயிர், சலவை சோப்பு. அவர் சட்டை ரெண்டு இன்னும் துவைக்கல. துவைக்க மாட்டேன்.

மே 8, வியாழன்

அரை நாள். டூட்டி முடிஞ்சு அப்படியே பெ-க்கு. அபிக்கு நுழைவுத் தேர்வு, அப்புறம் பெத்தவங்க கூட்டம். டூட்டிக்குப் போடற பச்சை கோட்டைக் கழட்ட மறந்துட்டேன். ஹால் வாசல்ல எல்லாரும் உள்ள போறாங்க, நான் என்னையறியாம தலை எண்ணிட்டு ஓரமா நிக்கறேன். பதினேழு, பதினெட்டு... சூட்டும் டையுமா வந்த ஒருத்தரைப் பார்த்து "ஜல்தி, ஜல்தி"ன்னு வேற சொல்லிட்டேன். அவரும் வேகமாப் போனார்!

ஸ்கூல் மேடம் ஒருத்தங்க வந்து, "டிரான்ஸ்போர்ட்டா? அந்தப் பக்கம்."

அபி: "பேரண்ட், மேம்."

நீச்சல் குளம், ரோபோ, எல்லாம் காட்டினாங்க. நெசமாவே நல்லா இருக்கு. கேள்வி இருக்கான்னு கேட்டாங்க. அப்பாமாரெல்லாம் பர்சென்ட் கேட்டாங்க. நானும் கை தூக்கினேன். ஹிந்திலதான். பரீட்சை அன்னிக்கு உங்க பஸ்ல எத்தனை பிள்ளைங்க வாந்தி எடுக்குது?

ஹாலே சிரிச்சுது. மேடமும் சிரிச்சாங்க. "அது டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மெண்ட் விஷயம்"னாங்க.

அபி வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலயே நடந்தா.

மே 12, திங்கள்

சி-க்குப் போனோம். கோட்டைக் கழட்டி பைல வெச்சுக்கிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் தனியா, கண்ணாடியைத் தலை மேல ஏத்தி வெச்சுக்கிட்டு அதையே தேடிட்டு இருந்தாங்க. கம்ப்யூட்டர் லேப் சின்னது. பழசு. அபி ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பார்த்தா. ரெண்டு எந்திரிக்கல.

வாந்தியைக் கேக்க வேணாம்னு அபி கண்ணைக் காட்டினா. கேட்டேன்.

அவங்க சிரிக்கல. எங்க முன்னாடியே பஸ் இன்சார்ஜுக்கு போன் போட்டாங்க. ரெண்டுன்னதும், "யார் யாரு? பேர் சொல்லுங்க"ன்னாங்க. ஒரு பையன் தினமும் சாப்பிடாம வர்றானாம். உள்ளங்கைல பேனாவால எழுதிக்கிட்டாங்க.

சாயங்காலம் பெ-ல இருந்து மெசேஜ். சீட் கிடைச்சாச்சு! முதல் பத்துக்குள்ள அபி. வியாழக்கிழமைக்குள்ள சேரணும்.

கீழ பக்காலா மளிகைக்காரர்கிட்ட சொன்னேன். வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். லிஃப்ட்ல யாரோ ஒரு எகிப்துக்காரம்மா, அவங்ககிட்டயும் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். "மாஷா அல்லாஹ்"ன்னாங்க.

ஊருக்கும் போன் பண்ணினேன். கொழுந்தனார் சொன்னது: "அண்ணன் சவப்பொட்டி கூட ஊருக்கு வராம உக்காந்து படிக்க வெச்சீங்க, சீட்டு கிடைக்காம போகுமா?"

பொட்டி பிளேன் ஏறின மறுநாள் அபிக்கு கணக்குப் பரீட்சை. பத்தாவது பரீட்சை. அவரே இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். அதான் இங்கயே நின்னேன். அதை கொழுந்தனார்கிட்ட சொல்லல. இங்க எழுதறேன்.

மே 13

சண்டை.

"உன் கணக்கு தப்பும்மா. பெ பஸ் எத்தனை ரவுண்டானா சுத்துது? எட்டு. சி பஸ் ஒரே நேர் ரோடு. சுத்தினா யாருக்கும்தான் வரும். பரீட்சை இல்லாத நாள்ல எத்தனைன்னு கேட்டியா?"

கேக்கல. தோணவே இல்ல.

ஆறு வருஷ சர்வீஸ் எனக்கு, ஒரு நிமிஷத்துல உடைச்சுட்டா. கோபம் வரணும். வரல. இட்லி மாவு கரைக்கும்போது தனியா சிரிச்சேன். இவளுக்கு சயின்ஸ் குரூப் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?

மே 14, புதன்

புழுதிக்காத்து. கேட்டுட்டு வந்தேன். டெஸ்ட் முடிஞ்சாச்சு, இன்னைக்கு சாதா நாள்.

பெ: சாதா நாள் ரெண்டு, மிஞ்சினா மூணு. பரீட்சை நாள் ஆறு.
சி: சாதா நாளும் ரெண்டு. பரீட்சை நாளும் ரெண்டு.

அபி அதையும் கட்டத்துல எழுதிக்கிட்டா. அப்புறம், "இருந்தாலும் எனக்கு வராது. அப்பாவை அனுப்பின மறுநாளே போய் எழுதினேன். எனக்கு என்ன ஆச்சு?"

சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். வாய் நிக்கல.

"வாந்தி எடுத்த. அப்போ ஷீபா உங்க பஸ்ல. யூனிஃபார்ம்ல படாம பைய நீயே பிடிச்சுக்கிட்டு, அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டின்னியாம். அன்னைக்கே அவ என்கிட்ட சொல்லிட்டா."

அழுதா. நானும். ஒரே துண்டு.

மூக்கைத் துடைச்சுக்கிட்டு சொன்னா: "அந்த மிஸ் பேர் கேட்டாங்கல்லம்மா. அன்னைக்கு எக்ஸாம் ஹால்ல என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல."

அப்புறம், "அந்த ரெண்டு கம்ப்யூட்டர் ஒண்ணும் பெரிய ரிப்பேர் இல்ல. நானே பார்த்துடுவேன்."

அவங்கப்பா பேச்சு அப்படியே.

மே 15, வியாழன்

சி-ல சேர்த்தாச்சு. போட்டோ 4, பாஸ்போர்ட் காப்பி, தடுப்பூசி அட்டை. காலர் வெச்ச யூனிஃபார்ம், அளவு எடுத்தாச்சு.

ரெண்டு மணிக்கு யார்டுல நிக்கும்போது போன். பெ-ல இருந்து. அதே மேடம். இன்னைக்குக் கடைசி நாள், ஏன் வரல, ஃபீஸ் பிரச்சனையான்னு கேட்டாங்க.

"நஹி மேடம்"ன்னேன். "மூணு ஸ்கூல் பார்த்தோம். நீங்க ரெண்டாவது."

"ரெண்டாவதா?"ன்னாங்க. பாவமா இருந்துச்சு. ரெண்டாவதும் நல்ல இடம்தான், கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்.