வதனிக்குக் கொடுத்த அப்பிள் கேக்

புரட்டாதிச் சனி, இரவு

இன்று வதனி, சாந்தி, நான் மூவரும் விட்பி நகருக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு அப்பிள் பிடுங்கப் போனோம். கறுவா போட்டு கேக் சுட்டுக்கொண்டு போயிருந்தேன். மரத்தடியில் வெட்டினேன். சாந்தி இரண்டு துண்டு எடுத்தாள். வதனி எடுக்கவில்லை. கணவருக்கு ஏழரைச் சனி என்று புரட்டாதிச் சனிகளில் அவள் விரதம், மரக்கறி மட்டுந்தான்.

"முட்டை போட்டனியோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி, சாப்பிடு" என்றேன்.

மூன்று முட்டையை என் கையால்தான் உடைத்தேன். அவள் வெறும் அப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தது பாவமாக இருந்தது என்று சொல்லலாம். அதுவல்ல. என் கேக்கை ஒருத்தி வேண்டாம் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"முட்டை இல்லாமலே இப்பிடி மெத்தெண்டு வந்திருக்கு! நீ கெட்டிக்காரிதான்" என்று முதல் துண்டைச் சாப்பிட்டு முடித்த வதனி இன்னொரு துண்டும் எடுத்தாள்.

இப்போது வட்ஸ்அப்பில் கேட்கிறாள்: "செய்முறையை அனுப்படி. வாற சனி கோயிலுக்குச் செய்துகொண்டு போகப்போறன்."

மா, சீனி, பட்டர் என்று தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன். முட்டையை எழுதாமல் விட்டால் கேக் எழும்பாது.

நான் தட்டுவது அவளுக்குத் தெரிகிறது போலும். மறுபடி எழுதுகிறாள்: "என்னடி இவ்வளவு நேரம்? அவ்வளவு பெரிய ரகசியமோ?"