ஞாயிற்றுக்கிழமை வரைந்த வரைபடம்

என் பிலோமிக்கு,

மகன் துபாயில் இருக்கிறான், கிழவிக்குப் பொழுது போகவில்லை, அதனால்தான் இந்த வயதில் நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டம் படிக்கிறாள் என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. எனக்கு ஒருநாளும் பொழுது மிஞ்சியதில்லை. சுனாமிக்குப் பிறகு நிலம் அளக்க வந்த குழுவினர் உன் வீட்டின் முன்னால் உள்ள மணலைக் ‘காலி நிலம்’ என்று வரைந்தார்களே, அதைத் திருத்தத்தான் பதிவு செய்தேன். முப்பது வருடம் பூகோளம் கற்பித்தவளுக்குத் தப்பான வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து அளக்க வந்தார்கள். ஞாயிறன்று நம் ஆட்கள் கடலுக்குப் போவார்களா? வலை விரிப்பார்களா, மீன் காயப்போடுவார்களா? மாதா கோயில் பூசை முடிந்து வந்த நீ அளவு நாடாவை மிதித்துக்கொண்டு சொன்னாய்: “திங்கக்கெழம வந்து பாரும் சாரே. கால் வைக்க எடம் கெடைக்காது.” அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். திங்களன்று யாரும் வரவில்லை.

எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம், யார் வலைக்குப் பக்கத்தில் யார் கருவாடு என்று நீ நடந்து காட்ட, நான் வரைந்தேன். அதுதான் என் நான்காம் இயல். ஆய்வில் பெயருக்குப் பதில் எண் போடுவது வழக்கம் என்றபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. “எம் பேரப் போடும் மைனி. நான் ஒளிஞ்சி நின்னா பேசுனேன்?”

போட்டேன். சம்மதப் படிவத்தில் உன் கையெழுத்து மட்டும் வாங்கவில்லை. அடுத்த வாரம் என்றாய். காய்ச்சலை மறைத்துக்கொண்டு மீன் கூடையைத் தூக்கினாய். அடுத்த வாரம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னை நம்பிப் போக விட்ட என்மேலும்தான்.

இப்போது கேள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அளந்து வரைந்த அந்த வரைபடத்தைக் காட்டி உன் மணலில் பூங்கா போடப்போகிறார்கள். அன்று அளக்க வந்த குழுவுக்குத் தலைவர், இன்று என் நெறியாளர். சேரும்போது எனக்கு அது தெரியாது. அவரும் சொல்லவில்லை. போன வாரம் நான்காம் இயலை எடுத்துவிடச் சொன்னார்.

“செத்தவங்க வாய்வார்த்தை சான்று ஆகாது, டீச்சர்.”

“கல்வெட்டு வெட்டினவன் உயிரோடவா இருக்கான்?” என்றேன். காரணத்தை எழுதித் தாருங்கள் என்றும் கேட்டேன். வாயால் சொன்னால் போதாதா என்கிறார். உன் வாய்வார்த்தை போதாது, அவருடையது மட்டும் போதுமா?

உன் அண்ணன் இருந்திருந்தால் பட்டத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்றிருப்பார். நான் இருக்க மாட்டேன். பட்டம் கிடைக்காமல் போனாலும் உன் பெயரையோ, நீ காட்டிய ஓர் இடத்தையோ அழிக்க மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இக்கடிதத்தின் நகல் நெறியாளருக்கும் போகிறது. ஐயா, நான்காம் இயலை ஏன் நீக்க வேண்டும் என்பதற்குத் தங்கள் கையெழுத்திட்ட பதிலை எழுத்தில் அனுப்பவும்.

உன் அண்ணன் மனைவி,
ஸ்டெல்லா மைனி