எண் மாறிய துப்பாக்கி

பக்கத்து வீட்டில் யாரோ கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறார்கள். ஜன்னல் வழியே அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. துப்பாக்கிக் கட்டைக்கு அதே எண்ணெயைத் தடவி, உள்ளங்கை சூடேறும்வரை தேய்ப்பாய். நீ போய் இன்றோடு நாற்பது நாள்.

டெல்லியில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் வாசலில் நாம் காவல் நின்ற காலம் அது. இருவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். நீ ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக்காரன். நான் வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பம். நமக்குக் கொடுத்திருந்தவை பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகள். நாம் பிறப்பதற்கு முன்பே ஏதோ யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவை. என்னுடையதைக் காட்டி, "பாய், இது உங்கப்பாவுக்கே அண்ணன் முறை" என்று சிரிப்பாய்.

வருஷத்துக்கு ஒருமுறை சுடும் பயிற்சி உண்டு. அந்த வருஷம் நான் மண்ணில் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இடத்திலிருந்த நீ எழுந்து வந்து என் துப்பாக்கியின் போல்ட்டின்மேல் கையை வைத்தாய். குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டுதான் போல்ட்.

"சுடாத பாய். துப்பாக்கில ஒரு நம்பரு, இதுல வேற நம்பரு."

முதல்நாள் சுத்தம் செய்தபோது எல்லா போல்ட்டையும் கழற்றி ஒரே தட்டில் போட்டிருந்தார்கள். மாற்றி மாட்டிவிட்டார்கள். பொருந்தாத போல்ட்டோடு சுட்டால் பின்பக்கமாக வெடித்து முகத்தைச் சிதைக்கலாம். ஹவில்தார் இந்தியில் கத்தினார். சுடச்சொல்லி என்னை அதட்டினார். நீ கையை எடுக்கவேயில்லை.

அதற்குத் தண்டனையாகத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாய். அதோடு விட்டார்களா? மறுவாரம் போகவிருந்த உன் லீவையும் ரத்து செய்தார்கள். உன் கல்யாண லீவு. இரண்டு நாள் கழித்து ஆயுதக் கிடங்குக்காரர் அளந்து பார்த்துவிட்டு, பேசாமல் போல்ட்டை மாற்றிக் கொடுத்தார். லீவு மட்டும் திரும்பி வரவில்லை.

"தந்தி மலை ஏறாது. கடுதாசி போறதுக்குள்ள முகூர்த்தம் வந்துடும். உனுக்கு லீவு இருக்குதுல்ல, நீ போய் சொல்லிட்டு வா" என்றாய்.

ஜோலார்பேட்டையில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. புதூர்நாடு வழியாக நடந்து மலையேறினேன். பெண் வீட்டில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். முறம் முறமாகச் சாமை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் அப்பா கொதித்துப் போனார்.

"இன்னா விளையாட்டா? ஊரையே கூப்ட்டு வெச்சிருக்கறோம். துப்பாக்கி நம்பருக்காக கல்யாணத்த நிறுத்துவானா?"

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டாள்.

"அந்தத் துப்பாக்கி யாரு கைல இருந்துச்சிங்க?"

"என் கையிலம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். அப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணனுக்கு சோறு போடுங்க. தை மாசம் வரைக்கும் நான் காத்திருக்கறேன்னு சொல்லியனுப்புங்க."

சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும். சாப்பிடும்போது எனக்குக் கண் கலங்கியதை உன்னிடம் சொன்னதில்லை. தை மாதமே கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தங்கச்சி என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். நீ இறந்த சேதி முதலில் வந்ததும் என் வீட்டுக்குத்தான்.

சேதி சொல்லிவிட்டு மலையிலிருந்து டெல்லிக்குத் திரும்பிய அன்று உன்னிடம் கேட்டேன்: "எனக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டுட்டியே?"

கட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனுக்காகவா? அது யாரு கைல இருந்தாலும் சொல்லிருப்பேன் பாய்."

எனக்குச் சுருக்கென்றது. 'உனக்காகத்தான்' என்று நீ சொல்லியிருக்கலாம் என்று வெகுகாலம் நினைத்தேன்.

பின்னாளில் வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடமொன்றில் மேற்பார்வை வேலை பார்த்தேன். என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவன், கை சிக்காமல் தடுக்கும் காப்புத் தகடு கழன்ற மெஷினில் தோலைக் கொடுக்கப் போனான். ஓடிப்போய் நிறுத்தினேன். முதலாளி வந்து கத்தினார். அவனே பார்த்துக்கொள்வான், ஓட்டவிடு என்றார். சாவியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அந்த மெஷின் ஓடவில்லை.