யார் பிள்ளையைச் சொன்னார்

ஞாயிறு, இரவு.

பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் சின்ன சபைக்கு ஆயர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் டேவிட் அண்ணாதான் பிரசங்கம் செய்கிறார். பம்மலில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்.

இன்று பிரசங்கத்தின் நடுவில், "மூணு வயசாகியும் புள்ள அம்மான்னு கூப்பிடலன்னா அந்தத் தாய் யார்கிட்ட போய் அழுவா?" என்றார். மூன்று வயதாகும் என் மகள் ரூத் இன்னும் பேசவில்லை என்று புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரை நிறுத்தினேன். "மைக்ல சொல்றதுக்கா அண்ணா அக்காகிட்ட சொன்னேன்?"

"உன் பொண்ணயா? நான் எங்க ஜெனியச் சொன்னேம்மா. நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்போ ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணா, வைக்கவே மாட்டேங்குறா."

சமாளிக்கிறார் என்றுதான் தோன்றியது. வண்டியில் வரும்போது என் கணவரிடம் சொன்னேன். "ஆயர் பேசினா தூங்கிடுவ. இவரு பேசினா சண்டைக்குப் போற. அப்போ யாரு நல்ல பிரசங்கியார்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டெல்லா அக்காவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மொபைலில் அவர் பெயர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன். அண்ணா சொன்னது பொய் என்றால், என் விஷயம் சபைக்கே தெரிந்துவிட்டது. அது போகட்டும். ஆனால் நாலு வயதுக்குப் பிறகு பேச்சு வந்த ஜெனியும் இல்லை என்றாகிவிடும்.